600 குதிரைகளும் நான்கு உள்ளங்கைகளும்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, "வண்டி எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பதில் வரும். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும், டார்க் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எந்தக் கம்பெனி, எல்லாம் மனப்பாடம். அதே ஆளிடம், "டயர் எந்த வருஷம் செய்தது?" என்று கேளுங்கள். "டயரா... பட்டன் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு" என்று இழுப்பார்.

அந்த இழுவைதான் இங்கே பிரச்சினை.

1500 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயருக்கும் சுமார் 375 கிலோ. டயருக்குள் 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், கணக்குப்படி ரப்பர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். ஒரு ஆளின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவ்வளவுதான். இப்படி நான்கு உள்ளங்கைகள். எஞ்சின் தள்ளுவதும், பிரேக் பிடிப்பதும், ஸ்டியரிங் திருப்புவதும் இந்த நான்கின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். 600 குதிரை பூட்டினாலும் சரி, 60 குதிரை பூட்டினாலும் சரி, வேறு வழி கிடையாது.

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. ஒன்றின் டயர் 1 ஜி அளவுக்குப் பிடிக்கிறது. இன்னொன்று 0.8 ஜி. முதல் கார் சுமார் 39 மீட்டரில் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 45 கிலோமீட்டர்! அந்த இடத்தில் சைக்கிளில் ஒரு பையன் போய்க்கொண்டிருந்தால்? வெறும் 20 சதவீதப் பிடிமானக் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்பது வயது டயர்

2013 நவம்பர் 30. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களின் நாயகன் பால் வாக்கர், நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடி காரில் போகும்போது விபத்தில் இறந்தார். ஓட்டியவரும் பிழைக்கவில்லை. 600 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வி10 எஞ்சின். சறுக்கலைச் சமாளிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அந்த மாடலிலேயே கிடையாது. உலகமே அழுதது. பிறகு உலகமே சண்டை போட்டது. ஒரு கட்சி, "வேகம்தான் காரணம்" என்றது. இன்னொரு கட்சி, "கார்தான் காரணம்" என்றது.

2014 மார்ச்சில் விசாரணை முடிவு வந்தது. 45 மைல் வேக வரம்புள்ள சாலையில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் போயிருக்கிறது. எந்திரக் கோளாறு எதுவும் இல்லை. காரணம் அளவுக்கு மீறிய வேகம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதே விசாரணையில் இன்னொரு வரியும் இருந்தது: டயர்களுக்கு வயது ஒன்பது. காரைக் கட்டுப்படுத்துவதை அது பாதித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

அந்த ஒரு வரியை எத்தனை பேர் பேசினார்கள்? கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பல கோடி ரூபாய் பெறுமான கார், தூசு படாமல் வைத்திருந்த கார். அதன் கீழே வயதான ரப்பர்.

இது தனி ஒருவர் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உள்ள வியாதி இது. தினமும் ஓடும் டாக்ஸியின் டயர் தேய்ந்து மொட்டையாகிவிடும், மாற்றியே ஆக வேண்டும். வாரம் ஒரு முறை வெளியே வரும் ஸ்போர்ட்ஸ் காரின் டயர் தேயாது. கிழடு தட்டும். ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடும். எண்ணெய்ப் பசை போய், பள்ளிக்கூட அழிரப்பர் பழசானால் எப்படி வழுக்குமோ அப்படி ஆகும். பட்டன் மட்டும் அப்படியே இருக்கும். கண்ணுக்குப் புதுசு, காலுக்குக் கிழடு. குறைவாக ஓடிய செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரை, "பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை சார்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, வாங்குபவர் பயப்பட வேண்டும். பூரிக்கக் கூடாது.

வயதைக் கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் DOT என்று ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2000ஆம் ஆண்டிலிருந்து இதுதான் முறை. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் குனிவுக்குத்தான் பலருக்கு நேரமில்லை.

"சில டயர் கம்பெனிகளே 10 வருஷம் வரை என்று சொல்கின்றனவே?" என்று ஒரு கேள்வி வரும். சொல்கின்றன. அது எல்லா விதமான டயருக்கும் சேர்த்துச் சொல்லும் கடைசி எல்லை, அதற்கு மேல் கண்டிப்பாக வேண்டாம் என்பது. அதுவரை முழுப் பிடிமானமும் இருக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. வரம்பின் விளிம்பில் ஓட்டுவதற்கென்றே செய்த காருக்கு, விளிம்பில் நிற்கும் டயரா?

எது வாங்குவது?

இங்கேதான் அடுத்த கூத்து. "இருப்பதிலேயே சாஃப்ட்டானது கொடுங்க" என்பது ஒரு கோஷ்டி. அமெரிக்காவில் விற்கும் டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் போட்டிருக்கும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300, பைலட் ஸ்போர்ட் கப் 2 டயருக்கு 180. எண் குறைந்தால் பிடி அதிகம் என்று இவர்களே ஒரு சூத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண் தேய்மானத்தைப் பற்றியது. அதையும் அந்தந்தக் கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. எனவே ஒரு கம்பெனியின் 200ஐ இன்னொரு கம்பெனியின் 200உடன் ஒப்பிடுவது, இரண்டு பள்ளிகளின் உள்மதிப்பெண்ணை ஒப்பிடுவது மாதிரி. பக்கத்தில் உள்ள AA, A, B என்ற எழுத்து ஈரத் தரையில் நேர்கோட்டில் சக்கரம் சறுக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதை மட்டும் சொல்லும். வளைவைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது.

கப் 2 போன்ற டயர்கள் ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்தவை. போர்ஷே 911 ஜிடி3 மாதிரி கார்களில் கம்பெனியிலிருந்தே வருகின்றன. சூடேறிய காய்ந்த தரையில் அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சூடேற வேண்டும். நீர் வெளியேறும் பள்ளங்களும் அவற்றில் குறைவு. வாரம் முழுக்க ஆபீசுக்கும் மழைக்கும் போய், வருஷத்துக்கு ஒரு நாள் டிராக்குக்குப் போகிறவர் இதை மாட்டிக்கொள்வது வீரம் அல்ல, விளம்பரம். 360 நாள் ஓட்டும் சாலைக்கு ஏற்ற டயரை வாங்க வேண்டும், 5 நாள் கனவுக்கு ஏற்றதை அல்ல.

குளிர் இன்னொரு பாடம். கோடைகால டயரின் ரப்பர் கலவை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வடக்கிலும் நவம்பர் காலை ஒன்றில் கராஜை விட்டு வெளியே வந்த முதல் வளைவிலேயே பின்பக்கம் சுழன்று போன ஸ்போர்ட்ஸ் கார்களின் வீடியோக்கள் ஏராளம். பனி இருந்திருக்காது, மழை இருந்திருக்காது. ரப்பர் மட்டும் விறைத்திருக்கும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் சில கலவைகள் வெடிப்பு விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அந்த ஊர்களில் குளிர்காலத்துக்கு இன்னொரு செட் என்பது ஆடம்பரம் அல்ல.

சென்னைக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே வில்லன் மழை. புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. 1960களில் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள்: டயர் நீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் 36 பி.எஸ்.ஐ. போட்டால் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வரும். பள்ளத்தில் அடங்காத அளவுக்குத் தண்ணீர் நின்றால், அந்த வேகத்தை ஒட்டி ஸ்டியரிங் வெறும் அலங்காரப் பொருள். காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும். அகல டயர் அழகுதான், ஆனால் அகலம் கூடக்கூட ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். மிதப்பு சீக்கிரமே வரும்.

காற்றும் ஜோடியும்

டிராக்கில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும். 10 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 1.5 முதல் 2 பி.எஸ்.ஐ. விவரம் தெரிந்தவர்கள் காற்றை இறக்கிக் கொள்வார்கள். சரிதான். ஆனால் மாலையில் அப்படியே வீட்டுக்கு ஓட்டி, மறுநாள் காலை ஆறிப்போன டயரில் நெடுஞ்சாலையில் 120 போவார்கள் பாருங்கள், அது தப்பு. காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும், அப்புறம் வெடிக்கும். வெடித்த பிறகு "டயர் கம்பெனி மோசம்" என்பார்கள். காற்றுமானி விலை ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்த விலைதான்.

"பின்னாடி மட்டும் தேய்ஞ்சிருக்கு, எது மலிவோ அதைப் போடு" என்பது மற்றொரு வழக்கம். முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு குணம் என்றால் வளைவில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்று கடவுளுக்கே தெரியாது. முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் உள்ள காரில் இரண்டு மட்டும் புதுசு வாங்கினால் அவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரத்தால் ஓடும் காராக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஓட்டுபவருக்குத் தெரியும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், தெரிவதற்குள் முடிந்துவிடும்.

"அதான் ஏபிஎஸ், ஈஎஸ்பி எல்லாம் இருக்கே!" ஆம், இருக்கின்றன. டயரிடம் இருக்கும் பிடிமானத்தை அவை புத்திசாலித்தனமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கல்லாப்பெட்டி காலியென்றால் என்ன செய்வார்?

"செலவு அதிகம்" என்ற கட்சியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இந்த டயர்கள் விலை அதிகம், சீக்கிரம் தேயும். அப்படியானால் அது காரின் விலையில் ஒரு பகுதி. டயர் வாங்க முடியாதவர் அந்தக் காரை இன்னும் வாங்கவில்லை, பாதி வாங்கியிருக்கிறார் என்றுதான் பொருள். சிறிய காரில் நல்ல டயர் போட்டு ஓட்டுவதில் எந்த அவமானமும் இல்லை.

ஓட்ட மறுத்தவர்கள்

2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரீ. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய் கார் சுவரில் மோதியது. சாய்வான கடைசி வளைவை டயர்கள் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று மிஷலினால் உறுதி சொல்ல முடியவில்லை. பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் திரும்பி வந்துவிட்டன. ஆறே கார்கள் ஓடின. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கத்தினார்கள், திட்டினார்கள். அது மானக்கேடுதான். ஆனாலும் உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள், "இந்த டயரில் இந்த வளைவு வேண்டாம்" என்று முடிவெடுத்த நாள் அது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது தமிழ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்தப் பந்தயம் முழுக்கக் கார்கள் பிட்டுக்குள் வந்து டயர் மாற்றிப் போனதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். பந்தயக்காரன் டயரின் வயதைச் சுற்றுக் கணக்கில் எண்ணுகிறான். தெருவில் ஓட்டுகிறவன் வருஷக் கணக்கில்கூட எண்ணுவதில்லை. இதில் யார் துணிச்சல்காரன், யார் முட்டாள்?

தெருவில் டயர் போனால் மோதுவதற்குக் காத்திருப்பது ரேஸ் டிராக்கின் டயர் அடுக்கு அல்ல. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரோ ஒருவர். அவர் அந்தக் காரின் குதிரைத்திறனை ரசிக்க டிக்கெட் வாங்கியவர் இல்லை.

அடுத்த முறை ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் யாராவது வண்டியைப் பற்றிப் பெருமையடித்தால், எஞ்சின் கவரைத் திறக்கச் சொல்ல வேண்டாம். குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.