வண்டிக்குள் புகுந்த வண்டு

கோயில் திருவிழாவிலே நாதஸ்வரக் கச்சேரி கேட்ட அன்பர்கள் ஒத்து ஊதுபவரைக் கண்டிருப்பார்கள். மேளக்காரருக்கு அருகில் அடக்கமாக இருந்து, ஒரே சுரத்தை விடாது ஊதிக்கொண்டிருப்பதே அவர் தொழில். சுருதிப்பெட்டி அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்ட இக்காலத்திலும் அந்த வேலை மாறவில்லை. நாதஸ்வரம் ஏறியும் இறங்கியும் விளையாடும்போது அதன் அடியிலே நிற்கும் ஒத்து நம் செவிக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால், நாதஸ்வரக்காரரும் தவிற்காரரும் எழுந்து போய்விட, ஒத்து ஊதுபவர் மட்டும் நம் காதருகே அமர்ந்து மூன்று மணி நேரம் ஊதுவாராயின் நம் கதி என்னவாகும்?

இத்தகையதொரு துன்பம், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது. அவரிடம் எட்டுச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் பூட்டிய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. வட அமெரிக்காவிலே பிக்கப் என்பது சாமான் ஏற்றும் வண்டி மட்டுமன்று. பின்னாசனத்திலே பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிச் செல்லும் குடும்ப வண்டியும் அதுவே. அதனுடைய எஞ்சின் கம்பீரமாக உறுமவேண்டும் என்பது அங்குள்ள பலருக்குப் பெரிய ஆசை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பூட்டியிருக்கும் சைலன்சரை, அவர்கள் மொழியிற் சொன்னால் 'மப்ளரை', கழற்றிவிட்டு, உரத்த குரல் தரும் வேறொன்றைப் பூட்டுவார்கள். நம்மவரும் அப்படியே செய்தார். நகரத் தெருக்களில் வண்டி புறப்படும்போதெல்லாம் எழுந்த உறுமலிலே அவருக்குப் பரம திருப்தி.

அச்சமயத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாயார் மகனைப் பார்க்கச் சென்றிருந்தார். எட்மன்டனிலிருந்து கல்கரிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். நெடுஞ்சாலையிலே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீற்றர். வளைவும் ஏற்றமும் அரிதான சமவெளியாகையால் வண்டி ஒரே வேகத்திற் போய்க்கொண்டேயிருக்கும். பாதி வழி போகுமுன்னரே பின்னாசனத்திலிருந்த தாயார் தலையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதென்ன காதுக்குள்ளை வண்டு புகுந்தமாதிரி இரையுது? வண்டியைக் கொஞ்சம் நிப்பாட்டு" என்றாராம். திரும்பி வரும்போது அந்த வண்டியில் ஏற அவர் மனம் ஒப்பவில்லை. உறவினர் ஒருவரின் காரிலேதான் வந்து சேர்ந்தார்.

அன்றிரவே மகன் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "சேர், காசு கொடுத்து வாங்கின சைலன்சர். கழற்றி எறியவும் மனமில்லை, அம்மாவை ஏற்றாமல் போகவும் மனமில்லை. ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். பௌதிகம் படிப்பித்தவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அல்லவா? "பொறு தம்பி, பார்ப்போம்" என்றோம்.

முதலில், சைலன்சர் செய்யும் தொழில் யாது என்று நோக்குவோம். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்த வாயு, வால்வு திறந்தவுடன் பெரும் அமுக்கத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் ஒரு சிறு வெடி. வாயுவை வெளியே போகவிட்டு வெடியொலியை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுவதே சைலன்சரின் வேலை. இத்துறையிலே ஒரு குடும்பத்தின் கதை நினைவு கூரத்தக்கது. இயந்திரத் துப்பாக்கியை ஆக்கிய ஹைரம் மக்சிம் என்பவர் தம் துப்பாக்கியின் ஓசையாலேயே செவிப்புலன் மங்கினார். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மக்சிம் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்கு 1909ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அவருடைய கம்பனி பின்னர் எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்து விற்றது. தந்தை எழுப்பிய ஓசையை மைந்தன் அடக்கப் புகுந்தமை விந்தையன்றோ!

சைலன்சர்களைப் பொதுவாக இரண்டு வகையாகக் கூறலாம். ஒன்று அறைகளாலானது. பெட்டிக்குள்ளே தடுப்புச் சுவர்கள் இருக்கும். ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கும். மற்றையது நேர்குழாய் வகை. துளைகள் நிறைந்த குழாயொன்றைச் சுற்றிக் கண்ணாடி நாரோ உருக்கு நாரோ அடைக்கப்பட்டிருக்கும். ஒலி அந்த நாருக்குள் புகுந்து தேய்ந்து போகும். இரண்டாவது வகையில் வாயு தங்குதடையின்றி ஓடும். ஓசையும் திறந்து ஒலிக்கும். ஆயினும் அதற்கு ஒரு குறையுண்டு. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை நார் நன்றாக விழுங்கும். தாழ்ந்த ஒலிகளிடம் அதன் சாமர்த்தியம் செல்லாது. பல மீற்றர் நீளமுள்ள அலையை, சில சதமமீற்றர் தடிப்புள்ள நார் எவ்வாறு மறிக்கும்? நம் மாணவர் பூட்டியது இந்த வகையையே.

இனி அந்த வண்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். "110இல் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி?" என்று கேட்டோம். "1800" என்றார். 1800 சுழற்சி என்றால் செக்கனுக்கு 30. நான்கடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து ஒரு சுழற்சிக்கு 4 வெடி. செக்கனுக்கு 120 வெடி. அதாவது 120 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஒரே சுரம் இடைவிடாது எழுகிறது. இதுவே நாம் முதலிற் சொன்ன ஒத்து. நகரத்திலே வேகம் கூடிக் குறைவதால் சுரமும் ஏறி இறங்கும். நாதஸ்வரம் வாசித்ததுபோலக் காதுக்கு அது இன்பம். நெடுஞ்சாலையிலோ வேகம் மாறுவதில்லை. நாதஸ்வரக்காரர் எழுந்து போய்விட்டார். ஒத்து மட்டும் எஞ்சியது.

அது மாத்திரமன்று. வண்டியின் கூண்டும் ஒரு பெட்டியே. எந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கும் வளி தனக்கென்று சில மீடிறன்களை உடையது. கார், பிக்கப் அளவான கூண்டுகளில் அவை தாழ்ந்த சுரங்களாக அமையும். வெளியிலிருந்து வரும் ஒலி அவற்றுள் ஒன்றை நெருங்கினால் கூண்டு முழுவதும் பரிவுற்று உடன்பாடும். இதை அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஓட்டுபவரல்லாத ஒருவர் ஆசனத்தில் இருந்தபடியே தலையை முன்னும் பின்னும், வலமும் இடமும் அசைத்துப் பார்க்கட்டும். ஓரிடத்தில் இரைச்சல் பலமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் கேட்குமாயின், கூண்டுக்குள் நிலையலை நிற்கிறது என்று துணியலாம். தாயார் இருந்த மூலை இரைச்சல் மிகுந்த மூலை என்பது பின்னர் தெரிந்தது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து யாது? உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்திலே பரிவுக் குழாய்ப் பரிசோதனை செய்யாத மாணவர் இல்லை. இசைக்கவையைத் தட்டி, நீரில் அமிழ்த்திய குழாயின் வாயருகே பிடித்து, குழாயை மெல்ல உயர்த்துவோம். வளிநிரலின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கை எட்டும்போது குழாய் உரத்துப் பாடும். அதே குழாய்தான் இங்கு மருந்து! புகைக்குழாயின் பக்கத்திலே, மறுமுனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை ஒட்டவேண்டும். அதன் நீளம் இரையும் சுரத்தின் அலைநீளத்திற் காற்பங்காக இருக்கவேண்டும். கிளைக்குள் புகுந்த அலை காற்பங்கு தூரம் சென்று, அடைத்த முனையில் மோதி, மீண்டும் காற்பங்கு தூரம் திரும்பும். மொத்தம் அரை அலைநீளம். ஆகவே அது சந்தியை அடையும்போது, அங்கு வரும் அலையின் முடிக்கு இதன் தாழி எதிர்ப்படும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, அந்தச் சுரம் மட்டும் வெளியே போகமாட்டாது எஞ்சின் பக்கமே திருப்பப்படும். மற்றைச் சுரங்கள் பெரும்பாலும் தம் வழியே போகும். ஆதலால் உறுமலின் கம்பீரம் கெடுவதில்லை. ஆய்வுகூடத்தில் ஒலியைப் பெருக்கிய குழாய் இங்கே ஒலியை விழுங்குவது முரண்போலத் தோன்றலாம். இரண்டிடத்தும் அது செய்வது ஒன்றே: தன் சுரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளுகிறது.

கணக்கை நாமே தொலைபேசியிற் சொன்னோம். வளியிலே ஒலியின் கதி செக்கனுக்கு 350 மீற்றர். அதை 120 ஆல் வகுத்தால் அலைநீளம் 2.92 மீற்றர், காற்பங்கு 73 சதமமீற்றர். மாணவர் ஒட்டுவேலைக்காரரிடம் போய் அந்த அளவிலே குழாய் பூட்டுவித்தார். அடுத்த ஞாயிறு தொலைபேசி ஒலித்தது. "சேர், 2200 சுழற்சியிலே வண்டி பூனைபோல ஓடுகிறது. 1800இல் மட்டும் வண்டு அப்படியே இருக்கிறது" என்றார்.

நாம் நாணித் தலைகுனிந்தோம். 350 என்பது ஆய்வுகூடத்து வளிக்கு உரிய கதி. புகைக்குழாய்க்குள் ஓடுவதோ அனல்! ஒலியின் கதி தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமானது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் நாம், தேவைப்பட்ட நேரத்தில் அதை மறந்தோம். கிளைக்குழாயின் உள்ளே வெப்பநிலை ஏறக்குறைய 200 பாகை செல்சியசு எனக் கொண்டால் ஒலியின் கதி செக்கனுக்கு 435 மீற்றர் வரை உயரும். வேண்டிய நீளம் 91 சதமமீற்றர். 73 சதமமீற்றர்க் குழாய் 149 ஹேர்ட்ஸ் சுரத்தைத்தான் விழுங்கும்; 2200 சுழற்சிக்கு உரிய சுரம் ஏறக்குறைய அதுவே. பிழையும் ஒழுங்காகவே பிழைத்திருந்தது! "தம்பி, பிழை எம்முடையது. இம்முறை நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக ஒரு குழாய்க்குள் மற்றொன்று நுழையும்படி செய்வியும். ஓட்டிப் பார்த்துச் சரியான இடத்தில் ஒட்டிவிடலாம்" என்றோம். அவரும் அவ்வாறே செய்தார்.

இந்த வைத்தியம் எல்லா வண்டிக்கும் ஒரேவிதமாகப் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில், எரிபொருளைச் சேமிப்பதற்காக, நெடுஞ்சாலையில் ஓடும்போது எட்டில் நான்கு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்ந்துவிடும். அப்போது 1800 சுழற்சியில் எழுவது 60 ஹேர்ட்ஸ். வேண்டிய கிளைக்குழாயோ இருமடங்கு நீளம். வண்டியின் அடியில் அதற்கு இடம் தேடுவது எளிதன்று. அத்தகையோர் பழைய சைலன்சரைத் தொடாமல் விடுவதே நன்று. தொழிற்சாலைக்காரர் பூட்டிய பெட்டி வெறும் தகரமன்று. அந்த வண்டியின் இரைச்சலை ஆராய்ந்து அடக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது.

மாற்றியே ஆகவேண்டும் என்போர் கவனிக்கவேண்டியவை சில. நேர்குழாய் வகையை விரும்பினால், வண்டியின் அடியில் இடமுள்ள மட்டும் நீண்டு பருத்ததாகத் தெரிக. வாலாகிய கடைசிக் குழாயைக் கூண்டின் கீழே முடித்துவிடாது, வண்டியின் பின்புற எல்லைவரை கொண்டுபோய் விடுக. இடையில் முடித்தால் ஓசை தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே மோதிக் கூண்டையே சேரும். நச்சுவாயுவை மாற்றும் வினையூக்கிப் பெட்டியில் கைவைக்கக்கூடாது. அதை அகற்றுவது அமெரிக்காவிற் சட்டத்துக்கு மாறானது. எல்லாவற்றிலும் மேலாக, ஒட்டிய மூட்டுக்களில் கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரைச்சல் தலையிடியைத் தரும். இந்த வாயுவோ உயிரையே கொண்டுபோகும். நெடும்பயணத்தில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலையிடித்தால், ஒலியைத் தேடுவதற்கு முன் கசிவைத் தேடுக.

வண்டியின் சொந்தக்காரர் வெளியே நின்று கேட்கும் ஓசைக்காகவே சைலன்சரைத் தெரிவு செய்கிறார். உள்ளே இருந்து அதைச் சகிப்பவர்களோ வேறு ஆட்கள். அவர்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. வண்டி வாங்கியவன் மனம் நோகுமே என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். கடையிலே எஞ்சினை முறுக்கிக் கேட்டுவிட்டுக் காசை நீட்டுமுன், வீட்டாரை ஏற்றிக்கொண்டு, அத்தகைய சைலன்சர் பூட்டிய நண்பர் ஒருவருடைய வண்டியில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிப் பார்ப்பது அறிவுடைமை.

எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அந்த மாணவர் பரிவுக் குழாய்ப் பரிசோதனையை எம் கண்முன்னே செய்து, செய்முறைக் கொப்பியிலே நல்ல புள்ளி பெற்றவர். அதுதான் தம் வண்டிக்கு மருந்து என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி நாம் படிப்பித்ததுமில்லை. 'பரீட்சைக்கு வரும், கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்' என்பதோடு நிறுத்தியிருந்தோம். இவ்வாண்டு இசைக்கவையைக் கையில் எடுக்குமுன் இந்தக் கதையை வகுப்பிற் சொல்லுவோம். எமது பிழைபட்ட 73 சதமமீற்றரையும் மறைக்காமற் சொல்லுவோம்.

தாயார் ஊர் திரும்புமுன் மற்றொருமுறை கல்கரிக்குப் போகவேண்டியிருந்தது. மகன் மிகவும் கேட்டுக்கொண்டதன்பேரில் அதே பின்னாசனத்தில், அதே மூலையில் ஏறினாராம். மகன் ஒன்றும் பேசாமல் கண்ணாடியில் அவரையே பார்த்தபடி ஓட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத் தாயார் சொன்னார்: "தம்பி, வண்டு பறந்திட்டுது போலை." பிறகு சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாராம்.