கத்தரிக்கோலுக்கும் ஒரு காலம் உண்டு

தெஹிவளையில் எங்கள் வீட்டு முன்மதிலை ஒட்டிப் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு வெட்சி வரிசை நிற்கிறது. எக்சோரா என்று சொன்னால்தான் இன்று பலருக்கு விளங்கும். என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிய நாள் தொட்டு, விடியற்காலையில் சுவாமிக்குப் பூக் கொய்வது அந்த வரிசையில்தான். சென்ற ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் அவருக்கு அங்கே ஒரு கொத்துப் பூக்கூடக் கிடைக்கவில்லை. செடிகளுக்கு நோயில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. பச்சைப் பசேலென்று செழித்துத்தான் நின்றன. பூ மட்டும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெறுந்தட்டோடு திரும்பி வந்து, சந்தியில் வாங்கிய பூவை வைத்துக் கும்பிட்டார்.

குற்றவாளி வேறு யாருமல்லர், நானே. மாதம் ஒருமுறை தோட்டம் துப்புரவாக்க வருகின்றவரிடம், "வரிசையைச் சுத்தமாக வெட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வது என் வழக்கம். அவரும் நூல் பிடித்தாற்போல மேற்புறத்தைச் சமமாக வெட்டிவிட்டுப் போவார். வீதியால் போகின்றவர்கள் பார்த்துப் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் வெட்சி, கிளையின் நுனியிலேதான் பூங்கொத்தை ஏந்துகிறது. மாதந்தோறும் நுனியைக் கொய்துவிட்டால், வரவிருக்கும் பூவையும் மாதந்தோறும் கொய்துவிடுகிறோம். இந்தச் சின்ன உண்மையை அறிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

இப்படி ஏதாவது நடந்தால் வேலைக்கு வந்தவரின் தலையில் பழியைப் போடுவது நம்மவர் வழக்கம். இந்த விடயத்தில் அது பெரும் அநியாயம். வந்தவர் மலையகத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். கவ்வாத்து வெட்டுவதில் கைதேர்ந்தவர். தேயிலை, தன்போக்கில் விடப்பட்டால் மரமாக வளர்ந்து வெள்ளைப் பூப் பூத்துக் காய்க்கும் இயல்புடையது. அதனை இடுப்பளவில் நிறுத்தி, இடைவிடாது கொழுந்து தரச் செய்வதற்காகவே, இடத்தின் உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். அங்கே வேண்டப்படுவது இலை, பூ அல்ல. அந்தக் கலையைக் கற்ற கையிடம் பூஞ்செடியை ஒப்படைத்துவிட்டு, எனக்குப் பூ வேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டவன் நான்.

தேயிலைக் கவ்வாத்தும் கண்ணை மூடிக்கொண்டு செய்கின்ற காரியமன்று. வெட்டுவதற்கு முன்னர் வேரில் போதிய மாச்சத்துச் சேர்ந்திருக்கிறதா என்று அயடீன் இட்டுப் பார்க்கும் முறை உண்டு. வேரில் இருப்பு இல்லாத செடியை வெட்டினால் அது மீண்டும் தளிர்க்க வலுவின்றிப் பட்டுப்போகலாம். வரட்சிப் பாங்கான இடங்களில் இலையுள்ள ஓரிரு கிளைகளை வெட்டாமல் விட்டுவைப்பதும் உண்டு. புதுத் தளிர் வரும்வரை செடி உயிர்தரித்திருப்பது அந்தக் கிளைகளால். எதற்காக வெட்டுகிறோம், செடி அதைத் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளும் அங்கே கத்திக்கு முன்னால் நிற்கின்றன. நமது வீட்டுத் தோட்டங்களில் கத்திக்கு முன்னால் நிற்பது "சுத்தம்" என்ற ஒற்றைச் சொல் மாத்திரமே.

யாழ்ப்பாணத்து வேலிகளை நினைத்துப் பார்க்கிறேன். பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற அந்த வேலிகளையும் ஆண்டுதோறும் வெட்டத்தான் செய்தார்கள். ஆனால் வெட்டிய குழை தோட்டத்து மண்ணுக்குப் பசளையாயிற்று; ஆட்டுக்கு உணவாயிற்று; தடித்த கொப்பு அடுத்த வேலிக்குக் கதியாலாயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தேவை இருந்தது. தேவை இருந்தபடியால் அளவும் காலமும் தாமாகவே அமைந்தன. இன்று மதில் எழுந்த வளவுகளில் வெட்டிய குழை பொலித்தீன் பையில் அடைபட்டு வீதியோரத்துக்குப் போகிறது. பயன் போனதோடு அந்த அறிவும் போய்விட்டது என்பதே என் துணிபு.

அந்த அறிவு ஒன்றும் பெரிய வித்தையன்று. செடி தன் பூவை எங்கே, எப்போது வைக்கிறது என்று பார்த்துவைத்தால் போதும். மல்லிகை, செவ்வரத்தை, காகிதப்பூ ஆகியன புதிதாக எழும் தளிரில் பூப்பவை. இவற்றை உரிய காலத்தில் வெட்டினால் புதுத் தளிரும் அதனோடு பூவும் பெருகும். தமிழ்நாட்டில் மல்லிகை பயிரிடுவோர் நவம்பர் கடைசியில் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் செடியைக் கத்தரிக்கிறார்கள். மார்ச் மாதமளவில் பூ வரத் தொடங்குகிறது. "ஐயோ, இப்படி மொட்டையாக்கிவிட்டார்களே" என்று அப்போது இரங்குகின்றவர்கள் பங்குனியில் வந்து பார்க்க வேண்டும். வெட்சி போன்றவற்றை மேலால் சமப்படுத்தாமல், முதிர்ந்த கிளைகளில் சிலவற்றை மட்டும் தெரிந்து உள்ளிருந்து கழித்துவிட வேண்டும்.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. அதை எனக்குக் காட்டித்தந்தவர் ரொறன்ரோவில் வாழும் என் ஒன்றுவிட்ட தம்பி. அவர் வளவில் விச் ஹேசல் என்றொரு செடி நிற்கிறது. பனிக்காலம் முடியும் தறுவாயில், இலை தோன்றுமுன்பே, மஞ்சள் நாடாவைக் கிழித்துக் கட்டியது போலப் பூக்கும். ஐந்து மாதம் வெண்மையையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த மஞ்சள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆண்டு, பனி வருமுன் எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிட வேண்டும் என்று ஒக்டோபரில் அதை வெட்டினார். அடுத்த வசந்தத்தில் பூவில்லை. "அண்ணை, மரம் செத்துப்போச்சோ?" என்று தொலைபேசியில் கேட்டார். மரம் சாகவில்லை. அது தன் மொட்டுகளை முந்திய கோடையிலேயே கட்டிவிடுகிறது. ஒக்டோபரில் வெட்டியவர் வெட்டியது, கண்ணுக்குத் தெரியாமல் காத்திருந்த அந்தப் பூக்களைத்தான். பூ உதிர்ந்த கையோடு, புதுத் தளிர் விரியுமுன் அளவாகக் கத்தரித்திருந்தால் ஒரு பழுதும் நேர்ந்திராது. தோட்ட வகைகள் பெரும்பாலும் காட்டு விச் ஹேசலின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டப்பட்டவை. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முளைகளை விட்டுவைத்தால் அவை மேற்செடியை மேவிவிடும். பிறகு பூப்பது இலையுதிர்காலத்துக் காட்டுப் பூவே. நமது ஒட்டு ரோசாவுக்கும் இதே விதிதான். ஆக, அவர் வெட்டாமல் விட வேண்டியதை வெட்டினார். வெட்ட வேண்டிய அடிமுளையை விட்டுவிட்டார். என் வெட்சியும் அவர் விச் ஹேசலும் ஒரே பிழைக்கு இரண்டு தேசத்துச் சாட்சிகள்.

டெங்குப் பயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீரே என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 க்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டை நாம் மறந்துவிடக் கூடாது. அடர்ந்த பற்றையில் நுளம்பு தங்கும். ஆதலால் காற்றும் வெளிச்சமும் புகும்படி செடியின் உட்புறத்தைக் கழித்துவிடுவது நல்லது. ஆனால் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுவது தேங்கிய நீரில். சிரட்டையையும் பீலியையும் பூச்சாடித் தட்டையும் பார்க்காமல் விட்டுவிட்டு, மேலால் செடியை மொட்டையடித்து "சுத்தம்" காட்டுவதால் நுளம்பு குறையப் போவதில்லை. பரிசோதகர் வருகிறார் என்றதும் கத்தியைத் தூக்குகின்ற நாம், அதே அவசரத்தோடு பீலியில் ஏறிப் பார்ப்பதில்லை.

வரிசை பூக்காத காரணம் தெரிந்த பின்னர், தோட்டத்துக்கு வருகின்றவரோடு அரைமணி நேரம் கூடவே நின்றேன். "எங்களுக்குப் பூ வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். "அதை முதலே சொல்லியிருந்தால் நுனியைத் தொட்டிருக்க மாட்டேனே ஐயா" என்றார். எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்று எனக்குக் காட்டித்தந்தவரும் அவரே. கணு ஒன்றுக்குச் சற்று மேலே, குற்றி நீட்டிக்கொண்டிராமல், கூரிய கத்தியால் ஒரே வெட்டு. வீதியிலிருந்து பார்த்தால் வரிசை இப்போது முன்னர்போல் சமமாக இல்லைத்தான். அயலவர் ஒருவர் அக்கறையோடு விசாரிக்கவும் செய்தார்.

மூன்று மாதம் சென்று ஒரு காலையில் அம்மா தட்டு நிறையச் சிவப்புப் பூவோடு உள்ளே வந்தார். சுவாமி அறைக்குப் போகும் வழியில் நின்று, "உந்தக் கத்திரிக்கோலை இனி என்னட்டைக் கேட்டுப்போட்டு எடு" என்றார்.

வாசகர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவே. அடுத்த முறை தோட்டம் துப்புரவாக்க ஆளை அழைக்கும்போது, "சுத்தமாக வெட்டுங்கள்" என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு முதலில் உங்கள் செடி எங்கே பூக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.