பெயிண்டுக்கு முன்னால் பட்டை!

செமஸ்டர் முடிந்து நாலு நாள் ஆகிறது. காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பர் எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம், ப்ளீஸ். இன்றைக்கு வேறு மேட்டர். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக நடந்துகொண்டிருக்கும் உள்நாட்டுப் போர் பற்றி. காரணம் ஒரு கார்.

தாத்தா 1970-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மாடல். தாத்தா ஹார்பரில் கிளியரிங் வேலை பார்த்தவர். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது என்று பாட்டி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும். தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். ராயபுரத்தில் மண்டபம். பொண்ணு மாப்பிள்ளை இந்த ஹெரால்டில்தான் போகணும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காக ஒதுக்கிய பணம் நாற்பதாயிரம். அதை எதில் செலவு செய்வது என்பதில்தான் சண்டை.

சித்தப்பா கட்சி: இரண்டு கலர் பெயிண்ட், அலாய் வீல், அகலமான ரேடியல் டயர், ஒரு நல்ல மியூசிக் சிஸ்டம். என் கட்சி (நான் ஒருத்தன்தான் உறுப்பினர்): முதலில் சஸ்பென்ஷன், மிச்சம் இருந்தால் பெயிண்ட்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கார்த்திகை மாசம் ஒரு மழை நாளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எண்ணூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எர்ணாவூர் பக்கம் ஒரு வளைவு. வேகம் ஐம்பதுகூட இருக்காது. முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று பிரேக் போட, நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன், பிரேக்கைக்கூடத் தொடவில்லை. வண்டியின் பின்பக்கம் மேலே எழும்புகிற மாதிரி இருந்தது. அடுத்த நொடி பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. வந்த திசையைப் பார்த்து நின்றோம், ஒரு மணல் குவியலுக்கு ஒரு அடி தள்ளி. பின்னால் வேறு லாரி வராதது வடிவுடையம்மன் புண்ணியம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டு, தம்ளரை என் முன்னால் வைக்கும்போது கை நடுங்கியது.

"ரோட்டுல ஆயில் இருந்திருக்கும்பா" என்றார் சித்தப்பா. அன்றைக்கு நானும் நம்பினேன். அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் கார். டிசைன் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. 1961 முதல் நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்தது, வண்டலூர் பக்கம். இஞ்சின் வெறும் 948 சிசி. ஆனால் அந்தக் காலத்து அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் இல்லாத ஒன்று இதற்கு உண்டு. பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் போகும். கேட்க ஸ்டைலாக இருக்கிறது இல்லையா? வம்பே அங்கேதான்.

இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கைதான் சக்கரம். கை தோளில் மட்டும் மடங்கும், மணிக்கட்டு மடங்கவே கூடாது. இப்போது உடம்பு மேலே எழும்பினால் கைகள் இரண்டும் கீழ்நோக்கிச் சரியும், உள்ளங்கைகளின் கீழ் விளிம்பு உடம்புக்கு அடியில் போகும். ஹெரால்டின் பின் ஆக்ஸிலும் இதே கதை. ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். வளைவில் வேகமாகப் போய்க் காலை எடுத்தால் வண்டியின் பின்பாகம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், டயரின் ஓரம் மட்டும் ரோட்டில் நிற்கும். பிறகு பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். எர்ணாவூரில் எனக்கு நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

இது ஹெரால்டின் தனிப்பட்ட பாவம் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 356, ஏன், கோடிக்கணக்கில் விலை போகும் மெர்சிடிஸ் 300 எஸ்எல் எல்லாம் ஒரு காலத்தில் இந்த ஆக்ஸில்தான். அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் என்ற காரின் இதே ஆக்ஸிலை வைத்துத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் கார் கம்பெனிகளைக் கிழித்துப் புத்தகம் போட்டார். (அந்தக் கார் அதன் காலத்துப் போட்டிக் கார்களைவிட மோசம் இல்லை என்று 1972-ல் அரசாங்க டெஸ்ட் சொன்னது. அது தனிக் கதை.)

சரி, இதை எப்படிச் சரி செய்தார்கள்? இதே ஹெரால்டு சேஸிஸைச் சின்னதாக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதே ஆக்ஸில், அதே வியாதி. அதன் அண்ணன் ஜிடி6-க்கு 1968-ல் கீழே தனியாக ஒரு ஆர்ம் கொடுத்து, ரப்பர் கப்ளிங் போட்டார்கள். செலவு ஜாஸ்தி. ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வைத்தியம். குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங்கில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற பட்டைகளை நடுவில் ஏற்றப்பலகை மாதிரி ஆட விட்டார்கள். முன்னால் இருக்கும் ஆன்ட்டி ரோல் பாரைத் தடியாக்கினார்கள். முடிந்தது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லாமலே வண்டி அடங்கிவிட்டது.

நம்ம மெட்ராஸ் கம்பெனி வேறு வழியில் போனது. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்ஸில் போட்டார்கள். வாங்கியவர்களுக்கும் சரி, மெக்கானிக்குகளுக்கும் சரி, பழைய ஆக்ஸில் பிடிக்கவில்லை. நவீனமானதை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டு ஒரு காரை மேம்படுத்திய கதை! நம்ம ரோட்டுக்கு அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கெஸல் 1977-ஓடு நின்றுவிட்டது.

இப்போது எங்கள் வண்டிக்கு வருவோம். டிசைன் பலவீனம் அப்படியே இருக்கட்டும். தாத்தா முப்பது வருஷம் இதை ஓட்டினார், ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. எனக்கு மட்டும் ஏன்?

காசிமேட்டுப் பக்கம் பழைய கார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தம்பி, இன்னா இது, வண்டி லாரி மாரி நிக்குது? யாரு பட்டை ஏத்துனது?"

அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. ஏழெட்டு வருஷம் முன்னால், ஸ்பீட் பிரேக்கரில் அடி இடிக்கிறது என்று சித்தப்பா ஒரு லாரி ஸ்பிரிங் பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருக்கிறார். பட்டறைக்காரர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். லாரிக்கு அது சரி. இந்த வண்டிக்கு விஷம். பின்பக்கம் உயர்ந்தால் சும்மா நிற்கும்போதே சக்கரம் பாதி மடங்கி நிற்கும். மேலே சொன்ன கை உதாரணத்தில் நாம் ஏற்கெனவே பாதி எழும்பி நிற்கிறோம் என்று அர்த்தம். மிச்சம் பாதிக்கு ஒரு வளைவும் ஒரு கன்டெய்னர் லாரியும் போதும். வேடிக்கை என்னவென்றால், பட்டை தொய்ந்துபோய்ப் பின்பக்கம் தாழ்ந்து கிடந்த பழைய நிலைமையே இதைவிடப் பத்திரம். இந்த வண்டி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்துகிறார்கள். நாம் காசு கொடுத்து ஏற்றியிருக்கிறோம்.

ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப் பல வருஷம் இருக்கும். கையால் பின்பக்கத்தை அமுக்கி விட்டால் மூன்று நாலு தடவை குதித்துவிட்டுத்தான் நின்றது. ரேடியஸ் ஆர்ம் புஷ் எல்லாம் மாவாக உதிர்ந்தது. அந்த ஆர்ம் மாட்டும் இடத்தில் சேஸிஸ் துருப்பிடித்திருந்தது. கடற்கரை ஓரத்தில் ஐம்பது வருஷம் நின்ற வண்டிக்கு வேறென்ன எதிர்பார்க்க முடியும்? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே அஞ்சு வருஷம் தாங்குவதில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது முன்பக்கம். முன் சக்கரத்தின் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டி இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு திருகாணி மாதிரி அதற்குள் திரும்பும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் வேலை செய்வது அந்த மரைதான். அதற்கு ஊற்ற வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். நம்ம ஊரில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே இறுகும், ஆயில் போக வழி இருக்காது, தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடித்து இறுகும். ஒரு நாள் தண்டு முறியும், சக்கரம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் கழற்றும்போது உள்ளே கறுப்பாகக் கல் மாதிரி கிரீஸ். கல்யாண ஊர்வலத்தில் அது முறிந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது சித்தப்பாவின் லிஸ்ட்டைத் திரும்பப் பாருங்கள். அகலமான ரேடியல் டயர். நல்ல டயர் போட்டால் பிடிமானம் அதிகம், அதனால் பத்திரம் என்றுதானே தோன்றும்? ஸ்விங் ஆக்ஸிலில் தலைகீழ். வளைவில் பின்பக்கத்தை மேலே தூக்குவதே வெளிப்பக்க டயரின் பிடிமானம்தான். பிடிமானம் கூடினால் தூக்கும் விசையும் கூடும். ஆக, பட்டை ஏறியிருக்கும் வண்டிக்கு அகல டயர் போடுவது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை.

இதைத்தான் வீட்டில் காமர்ஸ் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். ஏஎஸ் 10 படித்தவர்களுக்குத் தெரியும். தேய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர், அது அந்த வருஷச் செலவு. முன்பைவிட மேலாக்கினால்தான் சொத்தோடு சேரும். நம்ம ஆட்கள் எல்லோரும் நேராக இரண்டாவதற்குப் போகிறார்கள். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவது எங்கே நிற்கும்? (தாத்தா வண்டியைப் பத்தாயிரம் என்று கணக்கில் வைத்து, வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். ஐம்பது வருஷத்தில் மதிப்பு மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. பாட்டியிடம் சொல்லவில்லை.)

சட்டமும் என் பக்கம். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு என்று தனி விதி வந்தது. சேஸிஸ், பாடி, இஞ்சின் மாற்றாமல் இருந்தால்தான் அந்தத் தகுதி. புதிதாகப் பதிய இருபதாயிரம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். கல்யாண ஊர்வலம் அந்தப் பட்டியலில் இல்லை! அதனால் சாதாரணப் பதிவிலேயே இருக்கிறோம். புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600-லிருந்து 5,000 ஆனது, இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆனது. என்றைக்காவது விண்டேஜ் பக்கம் போக நினைத்தால், கெஸல் மாதிரி ஒற்றை ஆக்ஸில் வெல்டு பண்ணுகிற யோசனை (இதுவும் சித்தப்பாதான்) அந்தக் கதவைச் சாத்திவிடும். ஒரிஜினல் உயரம், ஒரிஜினல் மாதிரி ஷாக், புது புஷ், இதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பாகம் கிடைக்குமா என்று பயந்தேன். ஸ்பிட்ஃபயர் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கும் புண்ணியத்தில் புஷ்ஷும் ட்ரன்னியனும் இங்கிலாந்தில் இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பது ஏழை வண்டிக்கும் உதவுகிறது. ஷாக் மட்டும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, அளவு பார்த்து, மேல் கண்ணை லேத்தில் கடைந்து போட்டோம். கூடுதல் பட்டையைக் கழற்றியாயிற்று. சேஸிஸ் துருவை வெட்டி ஒட்டு போட்டாயிற்று. எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அப்பாவை உட்கார வைத்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டினேன். வண்டி பறக்கவில்லை, 948 சிசி எங்கே பறக்கும். ஆனால் அதே வளைவில், நாற்பதில், வேண்டுமென்றே காலை எடுத்தேன். லேசாகச் சாய்ந்தது, அப்படியே வளைவோடு போனது. ஐம்பதில் செய்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, ஆக்ஸில் இன்னமும் அதே ஸ்விங் ஆக்ஸில்தான். அப்பா ஜன்னல் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டே, "உங்க தாத்தா ஓட்டுறப்ப இப்டித்தான் இருக்கும்" என்றார்.

திரும்பி வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன், ஒரு ரவுண்டு போகலாம் என்று. அடுப்பில் குழம்பு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றுவிட்டது.

மிச்சம் பதினெட்டாயிரத்துக்குக் குறைவு. அதில் இரண்டு கலர் பெயிண்ட் அடிக்க முடியாது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். இன்று சாயங்காலம் கலர் சார்ட்டோடு வருகிறேன் என்று போன் பண்ணியிருக்கிறார்.