முத்திரை எதற்குச் சான்று?

வெளிநாட்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்பவரின் பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றின் பின்புறத்தில் அடுத்தடுத்துப் பதியும் முத்திரைகளுள் எது எதை உறுதி செய்கிறது என்பதை, அவற்றுக்காகப் பணம் செலுத்தும் குடும்பங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பை மாநில அரசு இனியும் இடைத்தரகர்களிடம் விட்டுவைக்கக் கூடாது. நோட்டரி சான்று, அட்டஸ்டேஷன், அப்போஸ்டில், தூதரகச் சான்றொப்பம் ஆகிய நான்கும் பேச்சில் ஒரே பொருளில் புழங்கினாலும், சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு அதிகாரிகள் வெவ்வேறு செய்திகளுக்கு அளிக்கும் வெவ்வேறு உறுதிமொழிகளாகும்.

1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்படும், பெரும்பாலும் வழக்கறிஞராக இருக்கும் நோட்டரி, ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்கோ, ஒரு நகல் தம்மிடம் காட்டப்பட்ட அசலோடு ஒத்திருக்கிறது என்பதற்கோ சான்றளிக்கிறார். அந்த அசலைப் பல்கலைக்கழகம்தான் வழங்கியதா என்று அவர் விசாரிப்பதில்லை. அட்டஸ்டேஷன் எனப்படும் சான்றொப்பம் அடுத்த படி. கல்விச் சான்றிதழ்களில் மாநிலத்தின் கல்வித் துறையும், பிறப்பு, திருமணம் போன்ற தனிநபர் ஆவணங்களில் மாநில அரசு அதற்கென நியமித்த அதிகாரியும், வணிக ஆவணங்களில் வணிக சபையும் ஒப்பமிட, அந்த ஒப்பம் தன்னிடமுள்ள மாதிரியோடு பொருந்துகிறதா என்று பார்த்தே மத்திய வெளியுறவு அமைச்சகம் தன் முத்திரையை இடுகிறது.

அந்த அமைச்சகம் இடும் முத்திரைகளுள் ஒன்றே அப்போஸ்டில். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கு அந்நாட்டுத் தூதரகமும் ஒப்பமிட வேண்டியிருந்த நெடிய நடைமுறையை நீக்க, 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை, தூதரக ஒப்பத்தின் இடத்தில் ஒரே ஒரு சான்றை வைத்தது. 2005 ஜூலை 14 முதல் அது இந்தியாவுக்கும் நடைமுறையில் உள்ளது. பிரெஞ்சு மொழித் தலைப்பும் எண்ணிட்ட பத்துப் பதிவுகளும் கொண்ட, பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் அளவுள்ள அந்தச் சதுரச் சான்று உறுதி செய்வன மூன்றே: கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் இன்ன பதவியில் இருந்து அதை இட்டார், முத்திரை உரிய அலுவலகத்துடையது. ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதற்குத் தான் பொறுப்பல்ல என்பதே வெளியுறவு அமைச்சகத்தின் நிலையுமாகும்.

பெருவாரியான ஏமாற்றங்கள் இந்த இடத்திலேயே தொடங்குகின்றன. நோட்டரி சான்றளித்த நகலின் மேல் தொடங்கும் முத்திரை வரிசை அந்த நோட்டரியின் கையெழுத்தையே வழிமொழிந்து செல்கிறதே அன்றிப் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்தைத் தொடுவதில்லை; மொழிபெயர்ப்பின் நிலையும் அதுவே. இருந்தும், பட்டம் உண்மையானது என்று மத்திய அரசே உறுதி செய்துவிட்டதாகத் தரகர்கள் கூறுவதும், அதை நம்பி வேலைக்கான முன்பணம் கட்டப்படுவதும் தொடர்கின்றன. கையெழுத்தின் உண்மையும் உள்ளடக்கத்தின் உண்மையும் வேறானவை என்பதற்கு ஜெர்மனி தெளிவான சான்றாகும். உடன்படிக்கையில் இந்தியா இணைந்ததற்கு அந்நாடு ஆட்சேபம் தெரிவித்ததால், இரு நாடுகளுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லுபடியாவதில்லை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், சான்றிதழ்களின் உள்ளடக்கத்தையே ஆராயும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பின் சான்றைப் பெற வேண்டியுள்ளது. அப்போஸ்டில் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் மாணவர் அங்கே வாசலிலேயே நிற்க நேரிடும்.

வளைகுடா நாடுகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஓமனும் பஹ்ரைனும் 2012, 2013-ஆம் ஆண்டுகளிலும், சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும் உடன்படிக்கையின் கீழ் வந்துவிட, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒரே பட்டத்தோடு புறப்படும் இருவருள் ரியாத் செல்பவருக்கு அப்போஸ்டில் போதுமானதாக இருக்க, துபாய் செல்பவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பமும், அதன் மேல் அமீரகத் தூதரகத்தின் ஒப்பமும், அங்கே போன பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பமும் தேவைப்படுகின்றன. இந்தத் தொடர் ஒப்பத்துக்கே தூதரகச் சான்றொப்பம் என்று பெயர். எந்த நாட்டுக்கு எந்த வழி என்று அறியாதவர் தவறான முத்திரைக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

எதிர்த்திசையில் வரும் ஆவணங்களிலும் இழப்பு சிறிதன்று. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வாழ்பவர் ஊரிலுள்ள நிலத்தை விற்க எழுதி அனுப்பும் பவர் பத்திரத்தை, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ எழுதிக் கொடுக்கலாம். தூதரக அதிகாரிகள் வழங்கும் ஆவணங்களை உடன்படிக்கையே விலக்கியிருப்பதால் இரண்டாவது வழியில் அப்போஸ்டிலுக்கு இடமே இல்லை. பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதோ பலருக்குக் கெடு கடந்த பிறகே தெரியவருகிறது.

இவற்றையெல்லாம் அறிந்த முகவர்கள் இருக்கையில் மக்களுக்கு இந்த விளக்கம் எதற்கு என்று கேட்கப்படலாம். வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் தனியார் நிறுவனங்கள் வழியாகவே ஆவணங்களைப் பெறுவதால், முகவரை முற்றிலும் தவிர்க்க முடியாது என்பதும் உண்மைதான். எனினும், முகவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அறிந்து செல்பவரின் நிலை வேறு. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய் மட்டுமே. 2019 முதல் அந்த முத்திரை சென்னையிலேயே இடப்படுகிறது. ஒவ்வொன்றிலும் உள்ள எண்ணைக் கொண்டு அதை இணையத்தில் சரிபார்க்கலாம். இத்தகவல்களை அறியாதவரிடம் டெல்லி செலவு என்று சொல்லி எவ்வளவும் வாங்கலாம்.

எனவே மாநில அரசு, சான்றொப்பமிடும் தன் அலுவலகங்கள், இ-சேவை மையங்கள், கல்லூரிகள் ஆகிய எல்லா இடங்களிலும் நாடுவாரியான வழிமுறையையும் கட்டணத்தையும் தமிழில் எழுதி வைப்பதோடு, தான் இடும் முத்திரையின் அடியிலேயே, இந்த ஒப்பம் கையெழுத்துக்கு மட்டுமே, உள்ளடக்கத்துக்கு அன்று என்ற ஒரு வரியைத் தமிழிலும் அச்சிட வேண்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. துறைச் செயலாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.