சட்டமுன்வரைவுகளின் நாட்கணக்கு யார் கையில்?

சட்டமன்றம் கூடுகின்றது என்றால் செய்தித்தாள்களுக்குத் திருவிழா. யார் வெளிநடப்புச் செய்தார், யார் யாரை என்ன சொல்லி இகழ்ந்தார், அவைத்தலைவர் எவரை வெளியேற்றினார் என்பனவெல்லாம் பத்தி பத்தியாக வெளிவரும். அக்கூட்டத்தொடரில் எத்தனைச் சட்டமுன்வரைவுகள் கொணரப்பெற்றன, எந்நாளில் நிறைவேறின, நிறைவேறிய பின்னர் எவ்வாயிலில் எத்துணை நாள் கிடந்தன என்னும் கணக்கோ தேடிப் பார்த்தாலும் எளிதிற் கிட்டாது. இக்கணக்குத் தமிழ்மக்கள் கையில் இல்லாமையால் நேர்ந்த இழிவு ஒன்றை முதற்கண் நினைவூட்டுகின்றோம்.

1.2.2017 அன்று, மருத்துவக் கல்விக்கான நீட் நுழைவுத்தேர்வினின்று தமிழ்நாட்டிற்கு விலக்களிக்கும் இரண்டு முன்வரைவுகளைச் சட்டப்பேரவை கட்சி வேற்றுமையின்றி நிறைவேற்றியது. அவை குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகத் தில்லிக்குச் சென்றன. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் அரியலூர் மாணவி அனிதா உயிர்நீத்தபோது அவை தில்லியிலேயே கிடந்தன. அதே திங்கள் 18-ஆம் நாள் அவற்றிற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. 22-ஆம் நாள் திருப்பி விடுக்கப்பட்டன. இதனைத் தமிழ்நாட்டு மக்கள் அறிந்தது எப்போது? 2019 சூலையில்! அதுவும் சென்னை உயர்நயன்மன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் நடுவணரசு வாய் திறந்த பின்னரே! இடைப்பட்ட இரண்டாண்டுக் காலமும், செத்துப்போன முன்வரைவிற்கு இன்னும் உயிருண்டு என்று நம்பிப் பிள்ளைகளும் பெற்றோரும் காத்திருந்தனர். அன்றிருந்த மாநில அரசு மறைத்ததா, தில்லி தெளிவாகச் சொல்லாது விட்டதா என்று பின்னர்ப் பேரவையில் பூசலிட்டனர். அப்பூசலில் எமக்கு நாட்டமில்லை. நிறைவேற்றிய முன்வரைவுகள் ஒவ்வொன்றும் இன்று எங்குள்ளது, எந்நாளிலிருந்து அங்குள்ளது என்னும் கணக்கு ஒன்று, கூட்டத்தொடர்தோறும் பேரவையின் முன் வைக்கப்பட்டிருக்குமாயின் இவ்விரண்டாண்டு இருட்டு நிலவியிருக்க இயலுமா என்பதே எம் வினா.

சட்டமன்றத்தின் உள்ளே நிகழ்வனவற்றிற்குக் காலவரம்புகள் உள. இரு கூட்டத்தொடர்களுக்கிடையே ஆறு திங்கள் கடந்துவிடுதல் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 174-ஆம் கூறு. பேரவை கூடாத வேளையில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு கிழமைகளில் மடிந்துவிடும் என்கிறது 213-ஆம் கூறு. பேரவையிலேயே நிலுவையிலிருக்கும் முன்வரைவு பேரவைக் கலைப்போடு ஒழியும். நிறைவேறி ஒப்புதலுக்காகச் சென்றுவிட்டது ஒழியாது என்று கேரள வேளாண் நிலச் சட்டம் பற்றிய வழக்கில் முடிவாயிற்று. இவ்வளவு நுணுக்கமாக உள்ளிருப்போர்க்கு நாள் குறித்தவர்கள், வெளிவாயிலில் நிற்போர்க்கு நாள் குறித்தாரில்லை. நிறைவேறிய முன்வரைவைத் திருப்பி விடுப்பதாயின் 'கூடிய விரைவில்' விடுக்கவேண்டும் என ஆளுநருக்கு 200-ஆம் கூறு சொல்கின்றது. குடியரசுத் தலைவர்க்கோ 201-ஆம் கூறு அந்த அளவுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் திருப்பி விடுத்தால், மாநில மன்றம் மட்டும் ஆறு திங்களுக்குள் மீளாய்ந்தாக வேண்டுமாம்! கெடுவெல்லாம் கீழுள்ளோர்க்கே.

இவ்விரு வகைக் கணக்கும் ஒன்றோடொன்று மோதினால் என்னாகும் என்பதற்கு இணையவழிச் சூதாட்டத் தடையே சான்று. 2022 அக்டோபர்த் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. 17.10.2022 அன்று பேரவை கூடிற்று. அன்றே ஆறு கிழமைக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. அவசரச் சட்டத்திற்கு மாற்றான முன்வரைவைப் பேரவை இரண்டே நாளில், 19-ஆம் நாளில், நிறைவேற்றி விடுத்தது. ஒப்புதல் வரவில்லை. நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் மடிந்தது, புதுச்சட்டமும் பிறக்கவில்லை. சூதாடிகளுக்குக் கதவு திறந்தே கிடந்தது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில் முன்வரைவு திரும்பி வந்தது, 23.3.2023 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர்க்குக் காலவரம்பு வகுக்கவேண்டும் என்று 10.4.2023 அன்று பேரவை தீர்மானம் இயற்றியது. அதே நாளில் ஒப்புதல் வந்து சேர்ந்தது! இத்துணைத் திங்கள் ஆய்ந்தும் கிட்டாத தெளிவு ஒரே பகலில் எங்ஙனம் கிட்டிற்றோ?

விரைவு இயலாததன்று. ஏறுதழுவலுக்கான முன்வரைவு 23.1.2017-இல் நிறைவேறியது; 31.1.2017-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலே வந்துவிட்டது. எட்டே நாள்! கடற்கரையில் இளைஞர் கூட்டம் திரண்டதால் வந்த விரைவு அது. ஒன்பதாம் நாள் நிறைவேறிய நீட் விலக்கு முன்வரைவுகளுக்கு ஏழரைத் திங்கள் கழித்து மறுப்பு வந்தது. இரண்டிற்கும் இடையே மாறியது சட்டமன்று. விழித்திருந்த கண்களின் எண்ணிக்கையே.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு தரும் முன்வரைவு 15.9.2020-இல் நிறைவேறியது. சேர்க்கை நாள் நெருங்கியும் ஆளுநர் ஒப்புதல் வரவில்லை; மேலும் மூன்று நான்கு கிழமைகள் வேண்டும் என்று விடை வந்தது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வந்ததும் எம்போலும் ஆசிரியரிடம் கேட்ட முதல் வினா, "ஐயா, கையெழுத்து ஆயிற்றா?" என்பதே. 29.10.2020 அன்று மாநில அரசு தானே அரசாணை வெளியிட்டது. மறுநாளே ஒப்புதல் வந்தது. அன்று அரசு நாளெண்ணிக்கொண்டிருந்தது. ஆகவே பிள்ளைகள் தப்பினர்.

பல்கலைக்கழகத் துணைவேந்தர் அமர்த்தம் முதலியன பற்றிய பத்து முன்வரைவுகளின் கதையைப் படிப்போர் நன்கறிவர். அவற்றுள் முந்தியது 2020 சனவரியிலேயே ஆளுநர் மாளிகைக்குச் சென்றது. தமிழ்நாட்டரசின் வழக்கில் 10.11.2023 அன்று உச்ச நயன்மன்றம் அறிவிக்கை விடுத்தது. மூன்றாம் நாள் அப்போதைய ஆளுநர் ஆர். என். இரவி பத்திற்கும் ஒப்புதலை நிறுத்தினார். 18.11.2023 அன்று பேரவை தனிக்கூட்டம் கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. 28-ஆம் நாள் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு ஒதுக்கிவிட்டார். 8.4.2025-இல் உச்ச நயன்மன்றம் அவற்றிற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொண்டு, ஒன்று, மூன்று திங்கள் எனக் கெடுவும் வகுத்தது. மூன்று நாளில் அவை அரசிதழேறின. உடனே, 13.5.2025 அன்று, குடியரசுத் தலைவர் 14 வினாக்களை அம்மன்றத்தின்முன் வைத்தார். 20.11.2025-இல் ஐவர் ஆயம் தன் கருத்தை உரைத்தது: காலவரம்பு வகுத்தல் நயன்மன்றத்தின் வேலையன்று, ஒப்புதல் வந்ததாகக் கொள்ளுதலும் ஆகாது. எனினும் நெடியதும், கரணியம் சொல்லாததும், முடிவற்றதுமான வாளாவிருப்பு நேருமாயின், முடிவெடுக்குமாறு மட்டும் ஆளுநர்க்குக் கட்டளையிடலாம்.

தமிழன்பர்களே, இக்கருத்தைப் படித்து மனங்கசந்து ஏட்டை மூடிவிடுதல் எளிது. யாம் கடைசித் தொடரையே திரும்பத் திரும்பப் படிக்கின்றோம். வாளாவிருப்பு 'நெடியது' என்று காட்டுவது எதனால்? நாட்கணக்கால். 'கரணியம் சொல்லப்படவில்லை' என்று காட்டுவது எதனால்? எந்நாளில் எம்மடல் விடுக்கப்பட்டது, எந்நாளில் மறுமொழி வந்தது அல்லது வாராதொழிந்தது என்னும் ஏட்டினால். கெடு என்னும் வாளைப் பறித்துக்கொண்டார்கள். எஞ்சியுள்ள ஒரே படைக்கலம் நாட்குறிப்பு. அதனையும் கோட்டை எழுத்தர் கையில் மட்டும் விட்டுவைப்பதா? 2017-இல் நேர்ந்ததை மறந்தோமா?

நீட் விலக்குக்காக 13.9.2021-இல் மறுபடியும் ஒரு முன்வரைவு நிறைவேறி, நான்கரைத் திங்கள் கழித்து ஆளுநரால் திருப்பப்பட்டு, 8.2.2022-இல் மீண்டும் நிறைவேறியது. அதற்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தியைப் பேரவையில் முதலமைச்சர் அறிவித்த நாள் 4.4.2025. இம்முறை மறுப்பைப் பேரவையிலேயே கேட்டோம் என்பது ஓரளவு முன்னேற்றமே. மூன்றாண்டிற்கு மேற்பட்ட காத்திருப்பில் முன்னேற்றம் ஏதுமில்லை.

கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே, நிலுவையிலுள்ள முன்வரைவு ஒவ்வொன்றிற்கும் அறிமுக நாள், நிறைவேறிய நாள், ஆளுநர்க்கு விடுத்த நாள், கேட்கப்பட்ட விளக்கமும் விடுத்த விடையும் தாங்கிய நாள்கள் ஆகியன கொண்ட பட்டியல் பேரவையில் வைக்கப்படல் வேண்டும். அது தமிழில் இருத்தல் வேண்டும். மாநில மன்றம் தன் மொழியிற் சட்டம் இயற்றினும், ஆளுநர் ஆணைவழி வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே சான்றுப் பனுவல் என்கிறது 348-ஆம் கூறு. அந்தச் சிறுமையை நாளைக்கே நீக்கிவிட இயலாது. நாட்பட்டியலைத் தமிழில் வெளியிட எந்தக் கூறும் தடையில்லை.

அதுவரை நாமே எழுதுவோம். தகவலறியும் உரிமைச் சட்டப்படி 10 உருபா கட்டணத்தோடு சட்டத்துறைக்கு ஒரு வேண்டுகை விடுத்தால், 30 நாளுக்குள் அத்துறையின் அலுவலர் விடை தந்தாக வேண்டும். ஓர் அலுவலர்க்கு முப்பது நாள் கெடு வைத்த நாட்டில் ஆளுநர்க்குக் கெடுவில்லை என்பதையும் அவ்வேண்டுகையை எழுதும்போது எண்ணிக்கொள்க. ஒருவர் ஒரு முன்வரைவை எடுத்துக்கொண்டு, நான்கு நாள்களையும் கேட்டு எழுதுக. விடை வந்த நாளையும், வாராவிடின் அதனையும் குறித்து எமக்கு விடுக்க. அடுத்த இதழ்முதல் கடைசிப் பக்கம் இக்கணக்கிற்கென்றே ஒதுக்கப்பெறும்.