இரும்புக்கை மாயாவி

அக்காள்மடத்தில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவர் புதல்வன் தகப்பனார் சேமித்திருந்த சித்திரக் கதையொன்றைக் கொணர்ந்து, நமது அபிப்பிராயம் கேட்டான். சிவகாசி முத்து காமிக்ஸார் 1972-ல் முதன்முதலாக வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' அது. மூலக்கதை 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் ஆரம்பமாயிற்று.

வலக்கையிழந்து இரும்புக்கை பூண்ட ஆராய்ச்சிசாலை உதவியாளன் கிராண்டல் மீது மின்சாரம் பாய்கிறது, உடல் மறைகிறது, கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது! ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் பிளாஸ்கோ நிழலைக் கொண்டே அச்சமூட்டி விடுகிறார். வாரந்தோறும் துண்டு துண்டாக வந்த கதையாதலால், அடிக்கடி ஓர் ஆபத்து. அது சற்று அலுக்கத்தான் செய்கிறது.

அடுத்து வரும் அத்தியாயங்களே நம்மைக் கவர்ந்தவை. மறைந்தவன் தர்மவானாகவில்லை, திருடனாகிறான்! இதைக் குழந்தைகளிடம் கொடுக்கலாமா என்று தாய்மார்கள் தயங்கக்கூடும். தாராளமாய்க் கொடுக்கலாம். ஒருவர் கண்ணிலும் படாதபோது நீ என்ன செய்வாய் என்று குழந்தையை நேருக்கு நேர் கேட்கும் புத்தகங்கள் சொற்பம். பிற்காலக் கதைகளில் அவன் நிழற்படையில் சேர்ந்து உத்தமனாகி விடுகிறான். நமக்கோ பழைய போக்கிரியிடமே பிரியம்.

ஒவ்வொரு முறை மறைவதற்கும் அவனுக்கு மின்சாரம் வேண்டும். நாம் படித்துக்கொண்டிருக்கையிலேயே வீட்டு விளக்குகள் அணைந்தன.

"மாமா, இப்போது மாயாவி வந்தால் அகப்பட்டுக்கொள்வான்!" என்றான் பையன், இருட்டில்.