மரத்தடியில் சும்மா உட்கார ஒரு நாள்

தீபாவளி முடிந்து பயராபீஸ், அதாவது பட்டாசு ஆலை, அடைத்திருந்த வாரம், அத்தையையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிவகாசியில் ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். தூக்குவாளியில் புளிச்சோறு, ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு. ஆண்டாளைக் கும்பிட்டு, பெரியாழ்வார் துளசிச் செடியடியில் அவளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனத்தையும் பார்த்துவிட்டு, நடந்தே திருமலை நாயக்கர் மகாலுக்கு வந்தோம்.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அதே நாயக்கர்தான். மதுரை மகாலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அவர் பெயரில் நம் பக்கத்திலேயே ஒன்று இருப்பது சிவகாசியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பூஜை முடிந்த மணியோசை கேட்ட பிறகே அவர் மதுரையில் சாப்பிடுவாராம். அதற்காக வழிநெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டாராம். அத்தை இந்தக் கதையைச் சொன்னதும், “மணி அடிக்கலைன்னா அப்பாச்சி?” என்றான் சின்னவன். “பட்டினிதாம்யா.”

இந்தக் கட்டடம் பின்னால் நெடுங்காலம் கோர்ட்டாக இருந்தது. வயல் வரப்புத் தகராறு ஒன்றுக்காக அத்தை சிறுபிள்ளையில் தன் அய்யாவோடு இங்கே வந்திருக்கிறார். பெயரைக் கூப்பிடும் வரை வெயிலில் நின்ற ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது, மேலே நிமிர்ந்து பார்க்கவே பயமாம். இப்போது நிமிர்ந்து பார்த்தார். கனத்த செங்கல் சுவரையும் சுண்ணாம்புப் பூச்சையும் தடவிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது: “வெளிய போக எத்தன வாசல் இருக்கு?”

முப்பது வருஷம் சரவெடி பின்னியவர் அவர். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்ட பிறகு வேறு வேலைக்கு மாறினார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஓடுகிற வழியைப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போனது. பயராபீஸில் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. சரியான விதிதான். ஆனால் வேம்பு நிழலை எட்ட நின்றே பார்த்து ஆயுசு கழிந்த பெண்களுக்கு, மருந்து வாடை இல்லாத ஒரு மரத்தடி வேண்டாமா?

அப்படி ஓர் இடத்தைப் பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது பார்த்தேன்: லால்பாக். 1760இல் ஹைதர் அலி தனக்கென்று போட ஆரம்பித்த தோட்டம். இன்று 240 ஏக்கர். அங்கே பாறை மேல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா வீட்டுச் சொத்து ஊர்ச் சொத்தாவது அப்படித்தான் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலோ? அச்சகத்தில் காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிறவள் நான். வருஷத்தின் அத்தனை விடுமுறைச் சிவப்புத் தேதியும் என் கண் வழியாகத்தான் போகிறது. அந்தச் சிவப்புத் தேதியில் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆண்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள், பெண்கள் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் செல்போன் பார்ப்பார்கள். ஊர் சுற்றுவது என்றால் குற்றாலம், அதுவும் தண்ணீர் விழுந்தால், கையில் காசு இருந்தால். அதனால் அரசாங்கத்திடம் கேட்கிறேன். மகாலைச் சுற்றி வேம்பும் புங்கையும் நடுங்கள். பெஞ்சு, குடிதண்ணீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் பலகை வையுங்கள். வைப்பாற்றங்கரையில் 2022 முதல் அகழாய்வு நடந்த வெம்பக்கோட்டையையும் இந்த மகாலையும் சேர்த்து, ஞாயிறுதோறும் சிவகாசியிலிருந்து ஒரு பஸ் விடுங்கள். பயராபீஸ் முதலாளிகளும் ஆளுக்கொரு நாள் தங்கள் ஆட்களைக் குடும்பத்தோடு அனுப்பி வைக்கலாம்.

திரும்பும்போது பால்கோவா வாங்கினோம். ஸ்டேஷனில் அத்தை பொட்டலத்தை மடியில் வைத்தபடி சொன்னார்: “ஆபீஸ் தொறக்குறதுக்குள்ள மேலவீட்டுக்காரியையும் ஒரு நடை கூட்டிட்டு வரணும். அவ இதெல்லாம் பாத்ததே இல்ல.”